இரண்டாவது பிள்ளை வரும் வீடு: மூத்தது சவலை பாயாமல் பத்து மாதத்தைக் கடத்த

தலைச்சனைச் சுமந்தபோது மசக்கை வந்தால் பாயை விரித்துப் படுத்துவிடுவேன். இரண்டாவதைச் சுமந்தபோது அதே பாயில் பக்கத்தில் இன்னொருத்தி படுத்திருந்தாள். இரண்டு வயது நான்கு மாதம். வாந்தி எடுக்க நான் எழுந்தால் அவளும் எழுந்து வருவாள். நான் குனிந்தால் அவளும் குனிவாள். வாளியைத் தள்ளி வைப்பதா, அவளைத் தள்ளி வைப்பதா என்று தெரியாமல் கிணற்றடியில் உட்கார்ந்து அழுத நாள் உண்டு.

எங்கள் வீடு நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். கணவர் ஒன்பது மா, அதாவது ஏறக்குறைய மூன்று ஏக்கர் நிலத்தில் விவசாயம் செய்கிறார். பிறந்த வீடு பாபநாசம் பக்கம். தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடந்தது, வளைகாப்பு போட்டு அழைத்துப் போனார்கள். இரண்டாவதுக்கு நம் பக்கத்தில் பெரும்பாலும் வளைகாப்பும் கிடையாது, அழைத்துப் போவதும் கிடையாது. உள்ள வீட்டில், உள்ள வேலைகளுக்கு நடுவே நாள் போக வேண்டும்.

"சவலை" என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். தாய் மறுபடி முழுகாமல் இருக்கும்போது பாலும் கவனிப்பும் குறைந்து, மூத்த பிள்ளை மெலிந்து, எதற்கெடுத்தாலும் சிணுங்கிக்கொண்டு திரிவதைத்தான் "புள்ள சவலை பாஞ்சிருச்சு" என்பார்கள். கானா நாட்டு மக்களிடமும் இதே போல ஒரு சொல் இருந்திருக்கிறது. அடுத்தது வந்ததும் மூத்ததுக்கு வரும் நோய் என்று அதற்குப் பொருள். அங்கே வேலை பார்த்த சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் 1935-இல் அந்தச் சொல்லையே மருத்துவ உலகுக்குக் கொண்டு போனார். குவாஷியோர்கர் என்று பாடப் புத்தகத்தில் படித்தது அதுதான்.

இரண்டாவது பிள்ளைக்கான ஏற்பாடுகளில் பாதிக்கு மேல் மூத்ததுக்கான ஏற்பாடாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அது சரியாக நடந்தால் தாய்க்கு ஓய்வு தானாகக் கிடைக்கிறது. அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. நாள் தள்ளிய வாரம்: பழைய ஃபைலைத் தேடி எடுங்கள்

"ரெண்டாவதுதானே, எல்லாம் தெரிஞ்சதுதானே" என்று மூன்றாம் மாதம் வரை போகாமல் இருப்பவர்கள் நிறையப் பேர். போக வேண்டும். கிராமத்து நர்ஸம்மாவிடம் பதிந்து பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பதிவு எண்) வாங்குங்கள். முதல் பிள்ளைக்கு வாங்கிய அட்டையையும் கையோடு கொண்டு போங்கள். பன்னிரண்டு வாரத்துக்குள் பதிந்துவிட்டால் பின்னால் உதவித்தொகைக்கும் அலைச்சல் இல்லை.

முதல் பிரசவத்தில் ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டில்தான் இந்தப் பிரசவத்துக்கு வேண்டிய விஷயம் இருக்கிறது. பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடக்கும், தேடுங்கள். அதில் பார்க்க வேண்டியவை:

ரத்த வகை. உங்களுக்கு நெகட்டிவ், கணவருக்குப் பாசிட்டிவ் என்றால், முதல் பிரசவம் முடிந்து 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட்டார்களா என்று பாருங்கள். முதல் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாமல், ரத்த வகை ஒத்துப்போகாதது இரண்டாவதைத்தான் பாதிக்கும். எதிர்ப்புப் பொருள் உருவாகியிருக்கிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். டாக்டரிடம் நீங்களே கேளுங்கள்.

முதல் பிரசவம் ஆபரேஷனா? என்ன காரணத்துக்காக, எத்தனை மாதத்துக்கு முன்? இரண்டாவது சுகப்பிரசவம் ஆக வாய்ப்பு உண்டு. ஆனால் தியேட்டரும் ரத்த வங்கியும் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில்தான் அதை முயல வேண்டும். ஸ்கேன் எடுக்கும்போது நஞ்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது, பழைய தையலுக்குப் பக்கத்திலா என்று கேளுங்கள். நிறைமாதத்தில் பழைய தையல் இருக்கும் இடத்தில் வலித்தால் காத்திருக்கவே கூடாது.

முதல் முறை சர்க்கரையோ பிரஷரோ வந்திருந்தால் இந்த முறை தொடக்கத்திலிருந்தே கவனம் வேண்டும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தத்தில் சர்க்கரை 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று எடுத்துக்கொள்வார்கள். முதல் தடவை போகும்போதும் ஆறாம் மாத வாக்கிலும் இந்தப் பரிசோதனை இருக்கும். டிடி ஊசியிலும் ஒரு கணக்கு உண்டு. முந்தைய பிரசவத்தில் இரண்டு ஊசி போட்டு மூன்று வருடம் ஆகவில்லை என்றால் இப்போது ஒன்று போதும்.

பிறகு இடைவெளி. முதல் பிள்ளை பிறந்து இரண்டு வருடமாவது கழித்து அடுத்தது உண்டானால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. அதற்கு முன்பே உண்டாகிவிட்டால் பயப்பட வேண்டாம், ஆனால் ரத்த அளவை விடாமல் பாருங்கள். முதல் பிள்ளைக்குக் கொடுத்த இரும்புச் சத்தை உடம்பு இன்னும் திரும்பச் சேர்த்திருக்காது. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் சோகை. இரண்டாவது பிரசவத்தில் இருக்கும் சோர்வை எல்லாரும் "மூத்தது படுத்துற பாடு" என்றே சொல்லிவிடுகிறார்கள். பல பேருக்கு அது ரத்தக் குறைவுதான்.

2. மாத்திரை, காபி, சோறு

நான்காம் மாதத்திலிருந்து 180 நாள் சத்து மாத்திரை. அதில் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் உண்டு. சுண்ணாம்புச் சத்து மாத்திரை தனி. இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரும்பு உடம்பில் ஒட்டாது. காபியும் அதே வேலையைச் செய்யும். நம் பக்கத்தில் விடிந்ததும் டபரா டம்ளரில் காபி வேண்டும், விட்டுவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. நாளுக்கு இரண்டு டம்ளரோடு நிறுத்துங்கள். இரும்பு மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காபி, டீ வேண்டாம். நான் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எலுமிச்சம்பழச் சாற்றோடு இரும்பு மாத்திரை, காலையும் இரவும் சுண்ணாம்பு என்று வைத்துக்கொண்டேன். மகள்தான் மாத்திரையை என் கையில் தருவாள். ஆனால் அட்டை இருக்கும் இடம் அவளுக்கு எட்டாத அலமாரியாக இருக்கட்டும். அம்மா போடும் இரும்பு மாத்திரையைச் சின்னப் பிள்ளை அள்ளி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. நீங்கள் எடுத்துக் கையில் கொடுங்கள், அவள் அதை உங்களிடம் தரட்டும். அந்த விளையாட்டே அவளுக்குப் போதும்.

சாப்பாட்டைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. முருங்கைக்கீரை, முட்டை, பயறு, விரால், கெண்டை, வாழைப்பூ என்று நம் ஊரில் கிடைக்காதது ஒன்றுமில்லை. ஒன்று மட்டும். மூத்தது தின்ற மிச்சத்தைத் தின்பதே சாப்பாடு என்று ஆகிவிடும். அவள் தட்டில் மிஞ்சிய தோசைத் துண்டு, பிசைந்து ஆறிப்போன பருப்புச் சோறு, அதோடு கை கழுவிவிடுவோம். உங்களுக்கென்று தட்டு போட்டு முதலில் நீங்கள் உட்காருங்கள். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து அதிலிருந்து வாங்கிச் சாப்பிடட்டும். எங்கள் அத்தை இதைக் கண்டிப்பாகச் செய்ய வைத்தார். "நீ திங்காம அவளுக்கு ஊட்டுனா ரெண்டும் உருப்படாது, உக்காரு" என்பார்.

3. பால் மறக்கடிப்பதா, வேண்டாமா

மூத்தது இன்னும் பால் குடிக்கிறதா? வயிற்றில் பிள்ளை இருக்கும்போது குடிக்கும் பால் ஆகாது என்று ஊரே சொல்லும். கர்ப்பம் இயல்பாக இருந்தால் அந்தப் பாலால் மூத்ததுக்கும் கெடுதல் இல்லை, வயிற்றில் இருப்பதற்கும் இல்லை. முன்பு குறைப்பிரசவம் ஆனவர்கள், இப்போது ரத்தக்கசிவு இருப்பவர்கள், பால் கொடுக்கும்போது அடிவயிறு இழுத்துப் பிடிப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டு நிறுத்த வேண்டும். நான்கு, ஐந்து மாதத்தில் பால் தானாகவே குறையும், சுவையும் மாறும். பல பிள்ளைகள் அப்போது தாங்களாகவே விட்டுவிடும்.

மறக்கடிப்பதென்றால் மெல்லச் செய்யுங்கள். வேப்பெண்ணெயைத் தடவி ஒரே ராத்திரியில் முடிக்கும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அந்த வாரமே "அம்மா வயித்துல பாப்பா" என்றும் சொல்லிவிடுகிறோம். பாப்பா வந்தது, பால் கசந்தது என்று பிள்ளை இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொள்ளும். சவலை பாய்வது அங்கேதான் தொடங்குகிறது. பகல் பாலை முதலில் விடுங்கள், அந்த நேரத்துக்கு வேறு தின்பண்டமும் வேறு ஆளும் இருக்கட்டும். தூங்கும் நேரத்துப் பாலைக் கடைசியாக விடுங்கள். ஐந்தாறு வாரம் ஆகட்டும், பரவாயில்லை. விட்ட பாலுக்கு ஈடாக முட்டை, பருப்பு, நெய், பசும்பால் சேர வேண்டும். இரண்டு வயதானால் அங்கன்வாடியில் விடலாம். அங்கே முட்டையோடு மதியச் சோறும் கிடைக்கும், உங்களுக்கும் சாயாமல் இருக்கும் முதுகைச் சாய்க்க இரண்டு மணி நேரம் கிடைக்கும். ஆனால் அங்கன்வாடியை நிறைமாதத்தில் தொடங்காதீர்கள், வீட்டை விட்டு அனுப்புகிறார்கள் என்று தோன்றிவிடும். ஆறாம் மாதத்துக்குள் பழகியிருக்க வேண்டும்.

தூக்குவதைப் பற்றியும் கேட்பார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று கிலோ பிள்ளையை நின்றபடி குனிந்து அள்ளித் தூக்குவதைத்தான் விட வேண்டும். நான் திண்ணையில் உட்கார்ந்துகொள்வேன், அவளே ஏறி மடியில் உட்காருவாள். "அம்மாவால முடியாது, வயித்துல பாப்பா இருக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள். "அம்மாவுக்கு இடுப்பு வலிக்குது, நீ ஏறி வா" என்று சொல்லுங்கள். பழி இடுப்பின் மேல் போகட்டும்.

4. மூத்ததிடம் எப்போது, எப்படிச் சொல்வது

மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு "இன்னும் அஞ்சு மாசத்துல" என்பது ஒன்றும் புரியாது. சீக்கிரம் சொன்னால் தினமும் காலையில் "பாப்பா வந்துச்சா?" என்று கேட்டுக் கேட்டு ஏமாறும். ஊரார் வாயிலிருந்து தெரிவதற்கு முன்பு உங்கள் வாயிலிருந்து தெரிய வேண்டும். இரண்டாவது முறை வயிறு சீக்கிரம் தெரிந்துவிடும், அசைவும் பதினாறு, பதினெட்டு வாரத்திலேயே பிடிபடும். அதனால் ஐந்து, ஆறாம் மாதம் சரியான நேரம். காலத்தை மாதமாகச் சொல்லாமல் கண்ணில் தெரிவதாகச் சொல்லுங்கள்.

எங்களுக்கு அது ஆவணி. சம்பாவுக்கு நாற்றுவிட விதைநெல்லை ஊறவைத்து, கோணியில் கட்டி, மேலே வைக்கோல் போட்டு மூடியிருந்தார்கள். மறுநாள் கோணியைப் பிரித்துப் பார்க்கும்போது மகளும் அப்பாவோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அவர் அவள் கையைப் பிடித்து நெல்லுக்குள் விட்டார். முளைகட்டும் நெல் உள்ளே கதகதவென்று இருக்கும். அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, "சுடுதுப்பா" என்றாள். விரலில் ஒரு நெல் ஒட்டியிருந்தது, நுனியில் அரிசி உடைந்து வெள்ளையாக ஒரு பொட்டு. "உள்ள தூங்கிட்டு இருக்கு, இப்பதான் முழிக்குது" என்றார். நான் அவள் கையை எடுத்து என் வயிற்றில் வைத்தேன். "இங்கயும் ஒண்ணு தூங்குது. இந்த நெல்லு வயல்ல கதிர் வாங்குறப்ப அது வெளிய வரும்" என்றேன். அவள் வெகுநேரம் கையை எடுக்கவில்லை. பிறகு, "இதுவும் சுடுது" என்றாள்.

அதற்குப் பிறகு எத்தனை நாள் என்று அவள் கேட்கவில்லை. வயலுக்குப் போகும்போதெல்லாம் கதிர் வந்துவிட்டதா என்று பார்ப்பாள். உங்கள் வீட்டில் வயல் இல்லாவிட்டால் தீபாவளி, பொங்கல், வாசலில் உள்ள மாமரம் எதையாவது பிடித்துக்கொள்ளுங்கள்.

சொல்லும்போது "உனக்கு விளையாட பாப்பா வரும்" என்று ஆசை காட்டாதீர்கள். பிறந்த பிள்ளை ஆறேழு மாதத்துக்கு யாரோடும் விளையாடாது. "பாப்பா தூங்கும், அழும், பால் குடிக்கும், நீயும் அப்படித்தான் இருந்தே" என்று சொல்லி அவளுடைய பழைய போட்டோக்களைக் காட்டுங்கள். என் மகள் தான் தூளியில் படுத்திருந்த படத்தை நூறு முறையாவது கேட்டு வாங்கிப் பார்த்திருப்பாள்.

5. "இது பையன்தானே?"

மூத்தது பெண் என்றால் ஐந்தாம் மாதத்திலிருந்து இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. பஸ்ஸில், கோயிலில், ரேஷன் கடை வரிசையில், பிள்ளையின் எதிரிலேயே கேட்பார்கள். நடை வலது காலா இடது காலா, வயிறு கூம்பா உருண்டையா என்று சோதிடம் வேறு. ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், அதை ஒரே வரியில் சொல்லி முடித்துவிடலாம். பிள்ளையின் முகத்தில் விழும் நிழலைத்தான் அப்படி முடித்துவிட முடியாது. ஒரு நாள் குளத்தங்கரையில் ஒரு பெரியம்மா அன்பாகத்தான் கேட்டார். மகள் ராத்திரி படுத்திருக்கும்போது, "நான் பையன் இல்லையாம்மா?" என்றாள்.

அதன் பிறகு நானும் கணவரும் ஒரு பதிலை முடிவு செய்தோம். யார் கேட்டாலும், "இவ மாதிரியே ஒண்ணு வேணும் பெரிம்மா" என்று அவள் தலையில் கை வைத்துச் சொல்வது. அவர் ஆண்கள் கூட்டத்திலும் இதையே சொன்னார். இரண்டு மாதத்தில் கேட்பது குறைந்துவிட்டது. அத்தையிடமும் முன்னதாகவே உட்கார்ந்து பேசிவிடுங்கள். வீட்டுப் பெரியவர் சொல்லும் ஒரு வார்த்தைக்கு ஊரார் சொல்லும் நூறு வார்த்தையை விடப் பலம் அதிகம்.

6. தூக்கத்தைக் கை மாற்றுவது

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். நீங்கள் இல்லாமல் உங்கள் மூத்த பிள்ளை தூங்க வேண்டும். ஒரு ஆளிடம் பழகினால் போதாது, இரண்டு பேரிடம் பழக வேண்டும். டெல்டாவில் மழைக்காலத்து ராத்திரி அப்பா வயலில் வடிகால் வெட்டப் போயிருப்பார், அறுப்புக் காலத்தில் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்குக் காவல் இருப்பார். ஆகவே அப்பாவும் அப்பாயியும், அல்லது அப்பாவும் அம்மாயியும்.

ஆறாம் மாதத்தில் தொடங்கினோம். முதல் வாரம் நான் பக்கத்தில் படுத்திருப்பேன், கதை மட்டும் அப்பா சொல்வார். இரண்டாம் வாரம் நான் அடுப்படியில் சத்தம் கேட்கும் தூரத்தில். மூன்றாம் வாரம் அவர் பாய்க்கே போய்விட்டாள். அப்பாயியிடம் போனபோது மட்டும் சிக்கல் வந்தது. அப்பாயி எட்டு மணிக்கே விளக்கை அணைப்பார், இவளுக்கு விளக்கு வேண்டும். சின்ன பல்பு ஒன்று மாட்டினோம், தீர்ந்தது. இந்த மாதிரிச் சின்ன விஷயமெல்லாம் பிரசவ ராத்திரியில் தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

படுக்கும் இடத்தை மாற்றுவது, உள்ளாடையில் போகாமல் பழக்குவது எல்லாம் பிரசவத்துக்கு இரண்டு மாதம் முன்பே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லையா, பிள்ளை பிறந்து மூன்று மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். நடுவில் வேண்டாம்.

7. பணம், விடுப்பு, காகிதம்

சுருக்கமாக. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி முதல் இரண்டு பிரசவத்துக்கும் உண்டு. ரொக்கமாக 14,000 ரூபாய், 4,000 ரூபாய் மதிப்பில் இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம், ஆக 18,000. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பங்களுக்கு. வங்கிக் கணக்கு உங்கள் பெயரில், ஆதாரோடு இணைந்து இருக்கட்டும். தனியார் வேலையில் இருப்பவர்களுக்குச் சட்டப்படி இரண்டாவது பிள்ளைக்கும் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. தமிழக அரசு ஊழியருக்கு 12 மாதம். இரண்டும் பெண்ணாக இருந்து, குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டால் முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தில் ஆளுக்கு 25,000 ரூபாய் வைப்புத்தொகை. இரண்டாவது பிள்ளைக்கு மூன்று வயது முடிவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும், வருமான வரம்பு உண்டு.

8. நாளைப் பஞ்சாங்கத்தோடும் வாய்க்காலோடும் வைத்துப் பாருங்கள்

டாக்டர் ஒன்பது மாதம் என்பார், நம் வீட்டில் பத்து மாதம் என்போம். இருபத்தெட்டு நாளை ஒரு மாதமாக வைத்தால் பத்து மாதம் 280 நாள். கடைசியாக மாதவிலக்கு வந்த முதல் நாளிலிருந்து டாக்டரும் அந்த 280-ஐத்தான் எண்ணுகிறார்.

அந்தத் தேதி எந்தப் பருவத்தில் விழுகிறது? சித்திரை, வைகாசி என்றால் வெயில்தான் கவலை. ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் திறந்து குறுவை தொடங்கினால் வீட்டு ஆண்கள் வயலோடு போய்விடுவார்கள். தை என்றால் அறுப்பு. எனக்கு விழுந்தது போல ஐப்பசி, கார்த்திகையில் விழுந்தால் பாதைதான் முதல் கவலை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது எத்தனை ஊர்ச் சாலையில் மரம் விழுந்து அடைத்துக்கொண்டது என்று கீழத்தஞ்சைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மழை அறிவிப்பு வந்தால் நிறைமாதத்துக்காரர்களை முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் சேர்க்க சுகாதாரத் துறையினர் கணக்கெடுப்பார்கள். அந்தக் கணக்கில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று நர்ஸம்மாவிடம் போன் செய்து கேளுங்கள். எந்தப் பாலம் முழுகும், ரயில்வே கேட் இல்லாத வழி எது, ஆட்டோ வைத்திருப்பவர் ராத்திரி எடுப்பாரா என்பதைக் கணவர் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். கும்பகோணமோ, மன்னார்குடியோ, தஞ்சாவூர் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரியோ, எங்கே போவது என்றும் முடிவாக வேண்டும்.

திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கதை தெரிந்ததுதான். நிறைமாதச் செட்டிப்பெண்ணுக்குப் பிரசவம் பார்க்க வந்த தாய், காவிரியில் வெள்ளம் வந்து அக்கரையில் மாட்டிக்கொண்டாள். சிவனே அந்தத் தாயின் உருவில் வந்து பேறு பார்த்தார். செட்டிப்பெண் மருத்துவம் என்று இன்றும் அங்கே விழா நடக்கிறது. அம்மா வர முடியாமல் போகலாம் என்பது இந்த ஆற்றங்கரையில் அவ்வளவு பழைய கவலை. எனவே "எங்கம்மா வந்துருவாங்க" என்பதோடு நிற்காமல், அம்மா வராவிட்டால் யார் என்று இரண்டு பெயர் எழுதி வையுங்கள். மூத்ததைப் பார்க்க ஒருவர், உங்களோடு வர ஒருவர். இருவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது.

9. இரண்டு பைகள்

உங்கள் பையில் அட்டை, ஸ்கேன், ஆதார், பழைய பருத்திப் புடவை, நைட்டி, பிள்ளைக்குத் துவைத்த துணி. இது எல்லாருக்கும் தெரியும். இரண்டாவது பை மூத்ததுக்கு. அதில் நான்கு நாள் துணி, அவளுடைய டம்ளர், பிடித்த பொம்மை, காய்ச்சல் மருந்தும் அதன் அளவும் எழுதிய சீட்டு. அதோடு நீங்கள் கட்டிக் கழற்றிய ஒரு புடவை, துவைக்காமல். என் மகள் மூன்று ராத்திரியும் அதைப் போர்த்திக்கொண்டுதான் தூங்கினாளாம்.

10. வலி வந்தால்

இரண்டாவது பிரசவம் சீக்கிரம் நடக்கும். முதலில் எடுத்த நேரத்தில் பாதிதான் ஆகும் பல பேருக்கு. "போன தடவை ஒரு நாள் முழுக்க வலிச்சுது, மெல்லப் போவோம்" என்று வேலையை முடிக்கப் பார்க்காதீர்கள். வலி ஒழுங்காக, விட்டு விட்டு, நெருங்கி வரத் தொடங்கியதும் கிளம்புங்கள். பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் கிளம்புங்கள். ரத்தப் போக்கு, கடுமையான தலைவலி, கண் மங்கல், முகம் கை வீக்கம், பிள்ளையின் அசைவு குறைந்தது என்று எது தெரிந்தாலும் 108. அசைவில் சந்தேகம் வந்தால் இடப்பக்கம் சாய்ந்து படுத்து எண்ணுங்கள், இரண்டு மணி நேரத்தில் பத்து வரவில்லை என்றால் உடனே போங்கள்.

திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயிலில் கொடுக்கும் விளக்கெண்ணெய் எங்கள் வீட்டிலும் இருந்தது. அத்தைதான் வயிற்றில் தடவிவிட்டார், அந்தக் கை பட்டதே எனக்குத் தைரியமாக இருந்தது. தடவலாம். எந்த விளக்கெண்ணெயையும் வலி வருவதற்காகக் குடிக்கக் கூடாது, முதல் பிள்ளை ஆபரேஷன் என்றால் சொல்லவே வேண்டாம்.

நான் செய்த ஒரு தவறு. ராத்திரி இரண்டு மணிக்கு வலி எடுத்தது. தூங்கும் பிள்ளையை எழுப்ப வேண்டாம் என்று சொல்லாமல் போய்விட்டேன். விடிந்ததும் வீடு முழுக்கத் தேடியிருக்கிறாள், கிணற்றடியில், மாட்டுக்கொட்டகையில். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. எழுப்பி, "அம்மா ஆஸ்பத்திரிக்குப் போறேன், பாப்பாவோட வந்துருவேன், நீ அப்பாயிகூட இரு" என்று சொல்லியிருக்க வேண்டும். பாதித் தூக்கத்தில் அழுதாலும் சொல்லிவிட்டுப் போங்கள்.

11. முதல் பார்வையும் முதல் மாதமும்

மூத்தது ஆஸ்பத்திரிக்கு வரும்போது உங்கள் கை காலியாக இருக்கட்டும். சின்னது தொட்டிலிலோ பாட்டி மடியிலோ இருக்கட்டும். முதலில் அவளைக் கட்டிக்கொள்ளுங்கள். பாப்பாவை அவளாகக் கேட்கும்போது காட்டுங்கள். வீட்டுக்கு வர 102 வண்டி தாயையும் பிள்ளையையும் இலவசமாகக் கொண்டு வந்து விடும், அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆனவர்களுக்கு.

இரண்டாவது பிரசவத்தில் பால் கொடுக்கும்போது அடிவயிறு சுருண்டு வலிக்கும், முதல் முறையை விட அதிகமாக. கர்ப்பப்பை சுருங்குகிறது, சில நாளில் அடங்கும். பத்தியம் என்று தண்ணீரைக் குறைப்பார்கள், கேட்காதீர்கள், பால் கொடுப்பவளுக்குத் தாகம் அதிகம். பூண்டுக் குழம்பும் கருவாடும் தாராளமாகச் சாப்பிடலாம், கீரையையும் பழத்தையும் மட்டும் தள்ளி வைக்க வேண்டாம். சின்னதுக்கு ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான், சர்க்கரைத் தண்ணீரோ உரைமருந்தோ வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். அடுத்தது வேண்டாமென்றால் என்ன வழி என்று கணவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே டாக்டரிடம் பேசுங்கள். ஆண்களுக்கான ஆபரேஷன் பெண்களுடையதை விட எளிது. இரண்டு வாரத்துக்கு மேலும் காரணமில்லாமல் அழுகை வந்தால், எதிலும் மனம் ஒட்டாவிட்டால், நர்ஸம்மாவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்கும் வைத்தியம் இருக்கிறது.

பார்க்க வருகிறவர்கள் சின்னதுக்குச் சட்டை வாங்கி வருவார்கள். வாசலிலேயே மூத்ததிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு உள்ளே வரச் சொல்லி அத்தையை நிறுத்திவையுங்கள். நாளுக்கு அரை மணி நேரம் சின்னதை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு மூத்தவளோடு மட்டும் இருங்கள், அவள் தலையை வாரினாலும் போதும். பழகிய பிள்ளை மறுபடி பாயை நனைக்கும், மழலை பேசும், மடியில் பால் கேட்கும். திட்டாதீர்கள், சில வாரம் இருந்துவிட்டுப் போகும்.

என் மகள் தூளியில் படுக்க வேண்டும் என்றாள். கூடத்து உத்திரத்தில் சின்னவனுக்குக் கட்டியிருந்த தூளிக்குப் பக்கத்தில் அப்பாவின் எட்டு முழ வேட்டியில் இன்னொரு தூளி கட்டினோம். பெரிய பிள்ளைக்குக் கட்டும்போது முடிச்சை இரண்டு பேர் இழுத்துப் பாருங்கள், தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் வேண்டாம், கீழே தலையணை போடுங்கள். நான்கு நாள் அதில்தான் தூங்கினாள். ஐந்தாம் நாள் மத்தியானம் பொம்மையை அதில் போட்டு ஆட்டிக்கொண்டே, இன்னொரு கையால் தம்பியின் தூளியையும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.